கத்திவாக்கத்துக்கு ஒரு நகராட்சி இருந்தது

எண்ணூரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அனல் மின் நிலையம், லாரித் தொழிற்சாலை, துறைமுகம், எண்ணெய்க் கசிவு என்று ஏதாவது ஒன்றின் பேரில் அந்தக் கடற்கரை செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் எண்ணூரின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் குப்பைக்கும் பல பத்தாண்டுகள் பொறுப்பேற்றிருந்த உள்ளாட்சி அமைப்பின் பெயர் கத்திவாக்கம் நகராட்சி. 2011 அக்டோபரில் அது சென்னை மாநகராட்சிக்குள் கரைந்தது. கொங்கு மண்ணின் காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு வடசென்னையின் ஒரு மூலையைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காங்கேயம் நகராட்சியில் 32,000 சொச்சம் பேர். கத்திவாக்கத்தில் 36,000 சொச்சம். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு ஊர்கள். ஒன்றுக்குத் தலைவரும் நகர்மன்றமும் இன்றும் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. அந்த இழப்பால் என்ன ஆகிறது என்பதை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல சாட்சி கத்திவாக்கம்தான். ஒரு நகராட்சியைப் பெரிய மாநகராட்சியோடு இணைக்கும்போது சாலையும் வடிகாலும் மேம்படக்கூடும். ஆனால் இந்த ஊருக்கு யார் பொறுப்பு, யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு இருந்த பதில் அன்றோடு போய்விடுகிறது. அந்தப் பதிலை வேறு வடிவத்திலாவது திருப்பித் தராத எந்த இணைப்பும் அரைகுறை வேலைதான்.

கத்திவாக்கத்தின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அந்த ஊரைப் பற்றிய பெரிய முடிவுகளில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியில் இருந்தவர்கள் எடுத்தவை. 1708-ல் கர்நாடக நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு, கத்திவாக்கம் என்பவை அந்த ஐந்து. கொடுத்ததைச் சில ஆண்டுகளில் திருப்பிக் கேட்டார்கள். முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் 1717-ம் ஆண்டு ஆணைக்குப் பிறகு ஊர்கள் மறுபடி கம்பெனியின் கைக்குப் போயின. அந்தச் சமயத்தில் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றி அவர் ஏற்படுத்திய பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. தறியும் நூலும் அறிந்த கொங்கு மண்ணுக்கு இதன் பொருள் புரியும்: கம்பெனிக்கு அந்தக் கடற்கரையில் வேண்டியிருந்தது கடல் அல்ல, துணி. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு ஆயிற்று. விறகும் உப்பும் அதன் வழியே நகரத்துக்குப் போயின. வழங்கும் இடமாக ஊரும், வாங்கும் இடமாக நகரமும் அமைந்த உறவு அப்போதே உறுதியாகிவிட்டது.

திருவொற்றியூரையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். இரண்டும் ஒட்டிய ஊர்கள், ஒரே நாளில் நகராட்சி அந்தஸ்தை இழந்தவை. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம், பட்டினத்தார் சமாதி கொண்ட கடற்கரை என்று திருவொற்றியூருக்குச் சைவ உலகில் இருக்கும் இடம் பெரியது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுக்கப்பட்ட கருவறை விமானம் இன்றும் நிற்கிறது. அந்தக் கோயில் சுவர்களில் நிலக்கொடை, விளக்குக்கொடை, ஊர்ச்சபை நடவடிக்கை எல்லாம் கல்வெட்டாக உள்ளன. இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஊராக இருந்து, தன் காரியங்களைத் தானே கூடிப் பேசிய பழக்கம் கொண்ட ஓர் இடத்தைச் சென்னையின் புறநகர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியில்லை. திருவொற்றியூரின் கல்வெட்டுகள் சென்னைக் கோட்டையைவிட அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த துறைமுகம் இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றியது. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870-களில் கடலுக்குள் நீட்டப்பட்டதும் அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டுத் தேங்கியது. மெரினா இத்தனை அகலமாக இருப்பதற்கு அதுதான் காரணம். தெற்கே தேங்கிய மணல் வடக்கே போயிருக்க வேண்டியது. அது வராததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மணல் கரை போய்க் கருங்கல் கொட்டிய கரை வந்தது. கட்டுமரத்தை ஏற்றி நிறுத்தவும் வலை காயப்போடவும் மீனவருக்கு இடம் இல்லை. ஒரு நகரத்தின் அழகான கடற்கரை இன்னொரு ஊரின் கரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகை இல்லை. மணல் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்தக் கணக்கைத் தீர்க்கும் அதிகாரம் எந்த நகராட்சிக்கும் இருந்ததில்லை. ஆனால் அதை ஒரு பிரச்சினையாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பக்கூடிய மன்றம் ஒன்று இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனம் புல்லட் வண்டிகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. பக்கத்து மணலியில் 1960-களின் இறுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1970-ல் ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகளும் சேர்ந்து 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ம் தேதி அது மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மின்சாரம் மாநிலத்தின் விளக்குகளையும் மோட்டார்களையும் ஓட்டியது. சாம்பல் மட்டும் எண்ணூரில் தங்கியது. தொழில்களால் வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, வட ஆற்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் குடியேறினார்கள். ஊர் நகராட்சி ஆகும் அளவுக்கு வளர்ந்தது இந்தத் தொழில்களால்தான். அதை மறுத்து எழுதினால் அது நேர்மை ஆகாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு நகராட்சியின் அன்றாட வேலை என்னவாக இருக்கும் என்பதை உள்நாட்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் தெருவிளக்குக் கம்பம் அடிப்பாகத்தில் துரு ஏறி, நம் ஊரில் நிற்பதைவிடச் சீக்கிரம் சாயும். புயல் காலத்தில் அலை மணலையும் கல்லையும் சாலையில் கொண்டுவந்து போடும். காலையில் அதை அள்ளினால்தான் பஸ் போகும். நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதால் லாரித் தண்ணீர் வராத நாள் அடுப்பெரியாத நாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் இடுக்கில் புகுந்து கடப்பார்கள். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், பெரியகுப்பம், சின்னக்குப்பம் என்று ஒவ்வொரு குப்பத்துக்கும் படகு நிறுத்துவதில், மீன் ஏலம் போடுவதில் தனித்தனித் தேவை உண்டு. இவற்றில் ஒன்றுகூட அண்ணா நகருக்கோ தி. நகருக்கோ பொருந்தாது. ஊரின் பிரச்சினை இவ்வளவு தனித்தன்மை கொண்டதாக இருக்கும்போது, ஊரின் மன்றமும் தனியாக இருப்பதில் நியாயம் இருந்தது.

2009-ல் திமுக ஆட்சியில் எடுக்கப்பட்ட விரிவாக்க முடிவு 2011-ல் அதிமுக ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இதில் கட்சிக் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் சென்னைக்குள் வந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஆனது; வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. பரப்பு இரண்டரை மடங்கு பெருகியது, வார்டு மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் சேர்ந்து முதலாம் மண்டலம் ஆகின. அந்த மண்டலத்துக்கு 14 வார்டுகள். இரு நகராட்சிகளிலும் சேர்த்து முன்பு இருந்த மன்ற உறுப்பினர்கள் அறுபதுக்கு மேல். கத்திவாக்கத்தில் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஓர் உறுப்பினர் இருந்த நிலை மாறி, மண்டலக் கணக்குப்படி சுமார் 20,000 பேருக்கு ஒருவர் என்றானது. காங்கேயத்தின் 18 வார்டு உறுப்பினர்களை எண்ணிப் பாருங்கள்; அவர்களில் 16 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதி இரண்டு பேரை இருநூறு பேர் கூடும் ஒரு மன்றத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் கத்திவாக்கத்தில் ஆனது. இரண்டாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர் என்றால் அவரை வாக்காளர் முகம் பார்த்து அறிவார். சந்தையில் நிறுத்திக் கேட்பார். இருபதாயிரம் பேருக்கு ஒருவர் என்றால் அவரைப் பார்க்க அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும். ஆளின் குணம் இங்கே விஷயமே இல்லை, கணக்குதான் விஷயம்.

இந்தக் கணக்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1882 மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம், ஓர் உள்ளாட்சியின் எல்லை அதன் உறுப்பினர்களுக்கு உள்ளூர் அறிவும் உள்ளூர் அக்கறையும் இருக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்று கருதியது. உள்ளாட்சியின் முதல் நோக்கம் நிர்வாகத்தைத் திறமையாக்குவது அல்ல, மக்கள் அரசியல் பயிற்சி பெறுவதே என்பதையும் அது ஒளிக்காமல் சொன்னது. அந்நிய ஆட்சியின் வைசிராய் ஒருவர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை, அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில் இயங்கும் மாநகராட்சி எவ்வளவு தூரம் பேணுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருந்தாக வேண்டும் என்று அது விதித்ததற்குக் காரணம், பெரிய நகரத்தில் சிறிய ஊரின் குரல் அமுங்கிவிடும் என்ற அச்சம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது பணம் சம்பந்தப்பட்டது. முப்பத்தாறாயிரம் பேர் உள்ள நகராட்சி எத்தனை பொறியாளரை வைத்துக்கொள்ள முடியும்? எவ்வளவு கடன் வாங்க முடியும்? இதில் உண்மை நிறைய இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கான ஒருங்கிணைந்த மழைநீர் வடிகால் திட்டத்தை ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு சென்னை மாநகராட்சி கையில் எடுத்தது; அதன் மதிப்பு 3,000 கோடி ரூபாய்க்கு மேல். திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களின் பகுதிகள் அதில் வருகின்றன. வெள்ளத்துக்கு நகராட்சி எல்லை தெரியாது. அம்பத்தூரில் பெய்த மழையில் ஒரு பகுதி எண்ணூர் கழிமுகத்தில்தான் கடலைச் சேரும். கத்திவாக்கம் தனியாக இருந்திருந்தால் இப்படியொரு திட்டத்தைக் கனவுகூடக் கண்டிருக்காது. குடிநீர், கழிவுநீர், பெருவடிகால், பேருந்து ஆகியவற்றைப் பெரிய அமைப்பிடம் கொடுப்பது அறிவுடைமைதான். ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது என்ன? பெரிய வேலைக்குப் பெரிய அமைப்பு வேண்டும் என்பதை மட்டும்தான். அதற்காகச் சிறிய அமைப்பைக் கலைக்க வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை. சென்னைக் குடிநீர் வாரியம் மாநகராட்சிக்கு வெளியிலும் வேலை செய்ய முடிகிறது; மின்வாரியம் ஊராட்சிக்கும் மின்சாரம் தருகிறது. வடிகாலை ஒன்றாக வெட்டுவதற்காக மன்றத்தையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. எண்ணூரைக் கெடுத்த எதுவும் நகராட்சியின் கைக்குள் இருந்ததில்லை என்கிறார்கள். துறைமுகம் மத்திய அரசுடையது, மின் நிலையம் மாநில அரசுடையது, மாசு பற்றிய அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது, 2001-ல் திறக்கப்பட்ட காமராஜர் துறைமுகம் நகராட்சி எல்லைக்கே வெளியில். பிறகு நகராட்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? 2017 ஜனவரி 28-ம் தேதி விடியற்காலை அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை எடுத்துக்கொள்வோம். பெரிய கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. எர்ணாவூர்க் கரையில் கருங்கற்களுக்கு நடுவே தார் போலக் கெட்டியான எண்ணெய் ஒதுங்கிய பிறகுதான் அளவு தெரிந்தது. எண்ணெயை உறிஞ்ச இயந்திரங்கள் போதவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளில் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினார்கள். எந்த நகராட்சியும் இரண்டு கப்பல்கள் மோதுவதைத் தடுத்திருக்க முடியாது என்பது சரி. ஆனால் பேரிடரின் முதல் சில நாட்களில் தேவைப்படுவது தடுக்கும் அதிகாரம் அல்ல. இங்கே எண்ணெய் வந்திருக்கிறது, இவ்வளவு வந்திருக்கிறது என்று ஊரின் சார்பில், வாக்கு வாங்கிய தகுதியோடு, பதிவேட்டில் எழுதிச் சொல்லும் ஒரு குரல். கசிவு இல்லை என்று அதிகாரிகள் சொல்லும்போது இருக்கிறது என்று தீர்மானம் போடும் மன்றம். அதை மீனவர் சங்கங்கள் செய்தன, செய்தியாளர்கள் செய்தார்கள்; சட்டப்படி செய்யக் கடமைப்பட்ட மன்றம்தான் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை ஏற்கவும் வேண்டும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் பிறகு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் மன்றம் இல்லை, காங்கேயத்திலும் இல்லை. ஆகவே 2017-ல் கத்திவாக்கம் நகராட்சியாகவே இருந்திருந்தாலும் அங்கே ஒரு தனி அதிகாரிதான் இருந்திருப்பார். இது முழு உண்மை. அந்தக் குற்றத்தை இணைப்பின் மேல் போட முடியாது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்ற அரசியல் சட்ட விதியைக் காப்பாற்றத் தவறியவர்கள் மேல்தான் போட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வரலாறு வேறு விதமாக இருக்கிறது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல். இருபத்து மூன்று ஆண்டுகள் தலைநகரம் அதிகாரிகளின் கையில் இருந்தது. இடையில் 1986-ல் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது, மாநகராட்சிக்கு நடக்கவில்லை. பெரிய மன்றம் என்றால் அதன் மேயர் அரசியலில் பெரிய ஆள். மாநில அரசுக்கு அவர் ஒரு கவலை. சிறிய நகராட்சியின் தலைவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, அதனால் அதற்குத் தேர்தல் நடத்துவதிலும் தயக்கம் குறைவு. சிறிதாக இருப்பதன் ஆதாயங்களில் இதுவும் ஒன்று.

மன்றம் இருக்கும் காலத்திலும் தொலைவு ஒரு பிரச்சினை என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றுக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறியபடி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்போது சென்னைக்கு மேயர் இருந்தார், இருநூறு கவுன்சிலர்கள் இருந்தார்கள். ஆனால் அதே டிசம்பரில் நகரம் முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும்தான் தொலைக்காட்சியை நிறைத்தன. இருநூறு வார்டுகளின் துயரத்தில் எண்ணூரின் துயரம் ஒரு பங்கு. தனி நகராட்சிக்கு அதுவே முழு வேலையாக இருந்திருக்கும்.

சிறிய மன்றங்கள் ஒப்பந்ததாரர்களின் கூடாரம், சாதிக் கணக்கின் விளையாட்டு மைதானம் என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. இருக்கிறதுதான். பெரிய மன்றத்தில் அது குறைகிறது என்பதற்கு ஆதாரம் எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை. சிறிய ஊரில் போட்ட சாலை மூன்று மாதத்தில் பெயர்ந்தால் போட்டவர் யார், பில் பாஸ் செய்தவர் யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

கடலோரத்தின் பழைய நகராட்சிகள் பெரிய மாநகராட்சிக்குள் மறைவது சென்னையோடு நிற்கவில்லை. 1866 முதல் நகராட்சியாக இருந்த ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியோடும் எர்ணாகுளத்தோடும் சேர்ந்து 1967-ல் கொச்சி மாநகராட்சி ஆனது. ஆந்திரக் கரையில் 1861-ல் தொடங்கிய பீமுனிப்பட்டினம் நகராட்சி இன்று விசாகப்பட்டினத்துக்குள். இங்கிலாந்திலும் 1974-ல் நூற்றுக்கணக்கான பழைய நகர மன்றங்கள் ஒழிக்கப்பட்டுப் பெரிய மாவட்ட மன்றங்கள் வந்தன. ஆனால் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் போன்ற சின்னஞ்சிறு கடலோர ஊர்கள், பழைய அதிகாரத்தைப் பெரிய மன்றத்திடம் கொடுத்த பிறகும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஊர் மன்றத்தை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. லைம் ரீஜிஸுக்கு இன்றும் தன் மேயர் உண்டு. பூங்கா, ஊர்ப் பொதுச்சொத்து, ஊர்க்கூட்டம் அந்தச் சிறிய மன்றத்தின் கையில். பள்ளி, பெருஞ்சாலை பெரிய மன்றத்தின் கையில். இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் ஐம்பது ஆண்டுகளாக ஓடுகின்றன. அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இணைப்பா தனியா என்ற இரண்டே வழிதான் இருப்பதாக நம்மிடம் சொல்லப்படுவது உண்மையல்ல என்பதற்கு அது போதுமான அத்தாட்சி.

நம்மிடம் அப்படி ஒரு இரண்டாம் அடுக்கு காகிதத்தில் வந்துவிட்டது. 2022-ல் தமிழக அரசு வார்டுக் குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் பகுதி சபைகள் கூடின. நல்ல தொடக்கம், மனதாரப் பாராட்டலாம். ஆனால் கிராம சபையில் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர், அங்கே போடும் தீர்மானத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. பகுதி சபையைப் பிரதிநிதித்துவம் செய்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். அவர்களிடம் நிதி இல்லை. 2011-க்கு முன் நீலாங்கரை, பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோர ஊராட்சிகளில் கிராம சபை இருந்தது. இணைந்த அன்றே அது போயிற்று. பதிலுக்கு ஏதாவது கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது அதன் ஆய்வறிக்கையை உள்ளாட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2006-ம் ஆண்டு அறிவிக்கையின் விதி. கத்திவாக்கம் நகராட்சி இருந்தபோது அந்த அறிக்கை ஊருக்குள், நடந்து போகும் தூரத்தில் இருந்த அலுவலகத்துக்கு வந்திருக்கும். பழைய நகராட்சிகளின் இடத்தில் தேர்தல் வழி வரும் பகுதி சபைகளை வைத்து, ஊரின் சொத்துவரியில் ஒரு பங்கை அவற்றுக்கு ஒதுக்கி, ஊரைப் பாதிக்கும் திட்டங்களில் அவற்றின் கருத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று விதித்தால், இழந்ததில் பாதியாவது திரும்பும்.

இது எண்ணூரின் கதை மட்டும் அல்ல என்பதைக் கொங்கு வாசகர் அறிவார். அதே 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகள் கோவை மாநகராட்சியில் சேர்ந்தன. வேலம்பாளையமும் நல்லூரும் திருப்பூரில் கரைந்தன. வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, பெரியசேமூர், காசிபாளையம் ஈரோட்டுக்குள் போயின. 2024-ன் இறுதியில் அரசு மேலும் பல ஊராட்சிகளையும் பேரூராட்சிகளையும் அருகிலுள்ள மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் திட்டத்தை அறிவித்தபோது, பல ஊர்களில் மக்கள் மறியலிலும் உண்ணாவிரதத்திலும் இறங்கினார்கள். அவர்கள் முன்வைத்த கவலைகளில் வீட்டுவரி உயரும் என்பதும் நூறு நாள் வேலை போய்விடும் என்பதும்தான் பெரிதாகக் கேட்டன. நியாயமான கவலைகள். மன்றத்தில் நமக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. கத்திவாக்கத்தின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். வரி உயர்ந்தால் அடுத்த மன்றத்தில் குறைக்கச் சொல்லலாம். கேட்பதற்கு ஆளே இல்லாமல் போனால் எதைக் குறைக்கச் சொல்வது?

இணைப்பு அறிவிப்பு வரும்போது ஆட்சேபணை தெரிவிக்கக் கால அவகாசம் தருவது வழக்கம். உங்கள் ஊருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அதை முழுதாகப் படியுங்கள். இப்போது எத்தனை பேருக்கு ஓர் உறுப்பினர், இணைந்த பின் எத்தனை பேருக்கு ஓர் உறுப்பினர் என்று கணக்குப் போடுங்கள். ஊரின் நிலமும் குளமும் கட்டடமும் யார் பெயருக்கு மாறும் என்று கேளுங்கள். கிராம சபை போனால் அதன் இடத்தில் எது, எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு வேண்டும் என்று நினைப்பவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.